ஸ்காரமூஷின் கடைசித் தட்டு

ரொறன்ரோவில், அவென்யூ வீதியை ஒட்டிய மேட்டில் இருக்கிறது ஸ்காரமூஷ். 1980இல் திறந்த உணவகம். பிரெஞ்சு அடிப்படையில் நவீன ஐரோப்பியச் சமையல்; செஃப் கீத் ஃபுரோகெட் பல பத்தாண்டுகள் கட்டிக்காத்த கைப்பக்குவம். ஜன்னலோர மேசை கிடைத்தால் நகரத்து விளக்குகள் எல்லாம் கீழே தெரியும்.

அதை விடுங்கள். நம்மவர் கவனிக்க வேண்டியது கடைசித் தட்டு: கோக்கனட் கிரீம் பை. நொறுங்கும் மாவோட்டுக்குள் தேங்காய் கஸ்டர்ட், அடித்த கிரீம், மேலே வெள்ளைச் சாக்லேட் சீவல். தேங்காயோடு வளர்ந்த நமக்கு வெள்ளைக்காரர் அதைத் தொட்டாலே சந்தேகம் வரும், நியாயமான சந்தேகம்தான். ஆனால் இங்கே சீனி தேங்காயை அமுக்குவதில்லை. கிரீம் கரைந்த பிறகும் தேங்காய் மணம் நாக்கில் நிற்கிறது. வட்டிலப்பத்துக்குத் தூரத்து மச்சாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்நகரத்து உணவகக் குசினிகளில் 1980களின் பிற்பகுதியிலிருந்தே கோப்பை கழுவத் தொடங்கி, அடுப்படி வரை உயர்ந்த ஈழத்தமிழர் ஏராளம். அவர்கள் மேசைப் பக்கமும் வந்து உட்கார வேண்டும்.

விலை கூடத்தான். ஒரு முன்னுணவும் இந்தப் பையும் போதும். இருவருக்கு ஒரு துண்டு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.