கத்தரித்து ஒட்டிய கலகம்

இங்கிலாந்தில் 1976, 1977 ஆம் ஆண்டுகளில் தலையெடுத்த ‘பங்க்’ வாலிபர் கிளர்ச்சியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் பாட்டையும், உடையிற் குத்திய ஊக்குகளையுமே பேசுகின்றனர். அதன் அச்சைப் பற்றிப் பேசுவார் சிலரே. நாமோ, அவ்வாலிபரை ஒரு கூட்டமாக்கியதில் பாட்டிற்குள்ள பங்கு அச்சிற்கும் உண்டு என்போம்.

1976 ஜூலையில் லண்டனில் மார்க் பெர்ரி என்னும் பாங்கிக் குமாஸ்தா ‘ஸ்னிஃபின் குளூ’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அச்சுக்கூடமில்லை, அச்சுக்கோப்பாரில்லை. தட்டெழுத்துப் பொறியில் அடித்து, தலைப்புகளைத் தடித்த பேனாவால் எழுதி, நகலெடுக்கும் இயந்திரத்திலிட்டு எடுத்தார். பிழைகளைத் திருத்தி மறைக்காமல் அடித்தவாறே விட்டார். கையிற் காசில்லாமையால் வந்த அக்கோலமே பின்னர் வழக்காயிற்று. நேர்த்தியாய் அச்சிட வசதி பெற்றோருங்கூட அக்கோணலை விரும்பி மேற்கொண்டனர். அதைப் பார்த்த வாலிபர் ‘இது நம்மாலும் ஆகும்’ என்று துணிந்து தத்தம் பத்திரிகைகளைத் தொடங்கினர். வாலிபர் வடிவத்தைப் படைத்தனர். வடிவம் மேலும் வாலிபரைத் திரட்டியது.

நிற்க, ஜேமி ரீட் என்பாரின் வேலையைக் கவனிப்போம். குரொய்டனில் 1970 இல் தொடங்கிய ‘ஸபர்பன் பிரஸ்’ என்னும் சிற்றச்சகத்தில் அரசியல் பிரசுரங்கள் அடித்துப் பழகியவர் அவர். பத்திரிகைகளிலிருந்து எழுத்துகளை வெட்டியொட்டும் முறை அங்கே சிக்கனத்தின் பொருட்டு வந்ததே. அரசியாரின் வெள்ளிவிழா ஆண்டாகிய 1977 இல், மே மாதத்தில், ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ குழுவினர் ‘காட் சேவ் தி குவீன்’ இசைத்தட்டை வெளியிட்டனர். அதன் உறைக்கு ரீட் செய்தது யாது? அரசியாரின் உருவப்படத்தில் கண்களின்மேல் பாட்டின் பெயரையும், வாயின்மேல் குழுவின் பெயரையும் ஒட்டினார். முடி இருக்கிறது, மணிகள் இருக்கின்றன; முகம் மட்டும் இல்லை. முடியாட்சியைப் பற்றி நூறு பக்கம் எழுதினும் இத்துணைத் தெளிவு வாராது. ‘இதுவும் ஒரு சித்திரமா?’ என நகைப்பார் நம்மிலும் உளர். அவர் மீண்டுமொரு முறை பார்ப்பாராக. பி.பி.ஸி. அப்பாட்டை ஒலிபரப்ப மறுத்தது. செவிக்கு எட்டாததைச் சுவரிலும் சட்டையிலும் இருந்த படம் பேசிற்று.

அவ்வாண்டு அக்டோபரில் வந்த பெருந்தட்டின் மஞ்சள் உறையோ நம் கருத்தில் சற்றுத் தாழ்ந்ததே. அதில் கூச்சல் உண்டு, குறி இல்லை. ஆயினும் தலைப்பிலிருந்த ஒரு சொல்லுக்காக நாட்டிங்ஹாமில் ஒரு கடை நிர்வாகியின்மேல் 1889 ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்குத் தொடுத்தனர். அச்சொல் பழைய ஆங்கிலத்தில் வழங்கியதே என்று ஒரு பேராசிரியர் வந்து சாட்சி சொன்னார்! நவம்பரில் நிர்வாகி விடுதலையானார்.

சட்டம் தோற்ற இடத்தில் சந்தை வென்றது. 2015 இல் ‘வர்ஜின் மணி’ என்னும் பாங்கி அதே உறையைத் தன் கடன் அட்டையில் அச்சிட்டது. கடனைப் பழித்த வாலிபரின் எழுத்து, வட்டிக்குக் கடன் தரும் அட்டையின் அலங்காரமாயிற்று. இதனைக் கண்டு அவ்வடிவமே செத்ததென்பாரை நாம் ஒப்போம். 2012 இல் ரஷ்யாவில் ‘புஸி ரயட்’ குழுவின் பெண்கள் சிறைப்பட்டபோது, அவர்களின் விடுதலைக்காக மீண்டும் படம் செய்தளித்தவர் அதே ரீட். அவர் 2023 ஆகஸ்டில் மறைந்தார்.