சுலோசனாவுக்குக் குரல் வந்த கதை

பேசும் படம் வந்ததும் ஊமைப்பட நடிகைகளின் காலம் முடிந்துவிட்டது என்று சினிமா வரலாறுகள் ஒரே வரியில் சொல்லிப் போகின்றன. சுலோசனாவின் படங்களை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால் அந்த வரியை ஏற்க முடியவில்லை.

1907இல் புனேயில் பாக்தாதி யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ரூபி மையர்ஸ். டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தவரைக் கோஹினூர் கம்பெனியின் மோகன் பவ்னானி நடிக்க அழைத்தார். பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'வில் (1913) தாராமதியாக நடித்தவர் சாலுங்கே என்ற ஆண். குடும்பப் பெண்கள் நடிக்க வருவதை ஊர் இழிவாகப் பேசிய காலம் அது. அந்த வெற்றிடத்துக்கு வந்தவர்களில் பலர் ஆங்கிலோ இந்தியரும் யூதருமே. பேஷன்ஸ் கூப்பரும், சீதாதேவி என்று பெயர் மாற்றிக்கொண்ட ரெனே ஸ்மித்தும் அப்படி வந்தவர்கள்தாம்.

ரூபிக்குக் கிடைத்தது 'சுலோசனா' என்ற புராணப் பெயர். வேடங்களோ அன்றைய பம்பாய்த் தெருவிலிருந்து வந்தவை. 1926இல் 'டெலிபோன் கேர்ள்', 'டைப்பிஸ்ட் கேர்ள்'. மறு ஆண்டே 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே'. அதில் அவருக்கு எட்டு வேடம்: போலீஸ்காரர், தோட்டக்காரர், வாழைப்பழக்காரி, தெருப்பையன், ஐரோப்பியப் பெண் என்று. கதாநாயகி என்றால் கண்ணீர் விடுபவள் என்றிருந்த காலத்தில் ஒரு நடிகையை நம்பி இப்படி ஒரு படம் எடுத்திருக்கிறார்கள்! பார்க்கத்தான் நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. சீதாதேவியின் 'ஷிராஸ்' ஜெர்மானியக் கூட்டுத் தயாரிப்பு என்பதால் ஐரோப்பாவில் பிழைத்தது. சுலோசனாவின் படங்களுக்கு அப்படி ஓர் அடைக்கலம் இல்லை.

காந்தி கதர்க் கண்காட்சியைத் திறந்துவைத்த சிறு படத்தைத் திரையிட்டபோது, 'மாதுரி'யில் (1928) இவர் ஆடிய நடனத்தையும் ஒலி சேர்த்து உடன் காட்டினார்கள். ஒலியை அவர் முதலில் சந்தித்தது கால்களின் வழியாகத்தான்.

1931இல் அவர் நட்சத்திரமாக இருந்த இம்பீரியல் கம்பெனிதான் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வை எடுத்தது. நாயகி ஜுபைதா. அதே கம்பெனி அதே ஆண்டு எடுத்த 'காளிதாஸ்' படத்துக்கு டி.பி.ராஜலட்சுமி சென்றார். ஊமைப்படங்களில் நடித்திருந்தாலும் நாடக மேடையில் பாடித் தேர்ந்த குரல் அவருடையது. சுலோசனாவுக்கு மேடையும் இல்லை, இந்துஸ்தானியும் சரளமில்லை.

ஓராண்டு ஒதுங்கியிருந்து மொழி படித்தார். 1932இல் பேசும் 'மாதுரி'யாகத் திரும்பினார். ஊமைப்படமான 'இந்திரா பி.ஏ.' 1934இல் 'இந்திரா எம்.ஏ.' ஆனது, 1936இல் 'வைல்ட்கேட்' 'பம்பாய் கி பில்லி'யாகப் பேசியது. குரல் கைகொடுத்துவிட்டது. கதைகள்தாம் பழையவை. புதுக் குரலுக்கென்று புதிய வேடங்களைப் போதுமான அளவு எழுதாமல் விட்டதுதான் அவருக்கு நேர்ந்த பெரிய இழப்பு என்று நினைக்கிறேன்.

தாதாசாகேப் பால்கே விருது 1973ஆம் ஆண்டுக்காக வந்தது; 1983இல் காலமானார். 1928இலும் 1935இலும் அனார்கலி அவர்தான். 1953இல் அதே கதையை மீண்டும் எடுத்தபோது பீனா ராய் அனார்கலியானார். சலீமின் தாயாக வந்தார் சுலோசனா.