எழுத்தாளர் சங்கமும் வாசகர் சங்கமும்

நமது பக்கத்தில் எழுத்தாளர் சங்கம் இல்லாத ஊரைக் காண்பது கடினம். வாழைச்சேனையில் தொடங்கிப் பொத்துவில்வரை போனால் கலை இலக்கிய வட்டங்கள், பேரவைகள், ஒன்றியங்கள் என்று வழிநெடுகப் பெயர்ப்பலகைகள். கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் இவற்றுட் பல முகநூலுக்கும் வட்ஸ்அப்புக்கும் குடிபெயர்ந்துவிட்டன. புதிதாகத் தொடங்குபவையோ பெயர்ப்பலகை கூட இல்லாமல் நேரடியாக அங்கேயே பிறக்கின்றன. ஆனால் 'வாசகர் சங்கம்' என்று ஒன்றை இப்போது யாரும் தொடங்குவதில்லை.

ஒரு காலத்தில் அப்படி ஒன்று இருந்தது. மட்டக்களப்பு வாவியின் தென்முனையில், கல்முனையில். மஹாகவியின் பா நாடகமான 'கோடை' 1970இல் நூலாக வந்தபோது அதன் வெளியீட்டாளர் பெயர் வாசகர் சங்கம். எம்.ஏ. நுஃமானின் 'தாத்தாமாரும் பேரர்களும்' 1977இலும், மௌனகுரு, சித்திரலேகா மௌனகுரு, நுஃமான் மூவரும் எழுதிய 'இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்' 1979இலும் அதே பெயரில்தான் வந்தன. நுஃமான் பிறந்தது 1944இல். 'கோடை' வெளிவந்தபோது அவருக்கு இருபத்தாறு வயது. 'கவிஞன்' இதழை நடத்திக்கொண்டிருந்ததும் அந்த வயதில்தான். இன்றைய குழுக்களில் 'வளர்ந்துவரும் எழுத்தாளர்' என்று அறிமுகமாகிறவர்களின் வயது அது. அந்த வயதில் ஓர் இளைஞர் தம்மை எழுத்தாளர் என்று பலகை போட்டுக்கொள்ளாமல் வாசகர் என்ற பெயரில் நூல்களை வெளியிட்டார். முதலில் வெளியிட்டவற்றுள் ஒன்று தம்முடையதுமல்ல. தமக்கு மூத்த, வடக்கே அளவெட்டியைச் சேர்ந்த ஒரு கவிஞருடையது.

இதைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பெயர்த் தெரிவில் ஒரு விமர்சன நிலைப்பாடு இருந்தது என்றே எண்ணுகிறேன். நல்ல எழுத்து எது என்று முதலில் வாசித்துத் தெரிந்துகொள்வது, பிறகு அதைப் பிறர் கைக்குக் கொடுப்பது, எழுதுவது அந்த வேலையின் ஒரு பகுதி. கல்முனையில் அதற்கு முன்பே நீலாவணனைச் சுற்றி ஒரு வட்டம் இருந்தது. பெரிய நீலாவணையைச் சேர்ந்த அந்த ஆசிரியரோடு நுஃமானும் மர்ஹூம்களான மருதூர்க்கொத்தனும் மருதூர்க்கனியும் பழகி வளர்ந்தார்கள். அங்கே தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாட்டை விடவும் செய்யுள் சரியா, சொல் சரியா என்ற கேள்விதான் பெரிதாக இருந்தது.

இனி நமது காலத்துக்கு வருகிறேன். எங்கள் பகுதி வட்ஸ்அப் இலக்கியக் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். பெயர் வேண்டாம். ஒருநாள் இஷாவுக்குப் பிறகு ஓர் இளம் சகோதரி தனது முதலாவது சிறுகதையை அதில் இட்டார். சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் ஒரே மாஷா அல்லாஹ்வும் பூங்கொத்துகளும். 'ஈழத்து இலக்கியத்துக்கு இன்னொரு நட்சத்திரம்' என்று ஒருவர். கதையை வாசித்தேன். நடை உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் இரண்டாவது பந்தியில் மௌத்தாகிப்போன மூத்தம்மா கடைசிப் பந்தியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்! வாழ்த்திய எவரும் இதைக் கவனிக்கவில்லை. தனியாக அவருக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது: "நானும் பிறகுதான் கண்டேன் சேர். யாராவது சொல்லுவாங்களா எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

அந்தப் பதில் என்னைச் சிரிக்கவைக்கவில்லை. அவர் காத்திருந்தது பாராட்டுக்கல்ல, ஒரு வாசகருக்கு.

அதே குழுவில் சில மாதங்களின் பின் வேறொரு பெண் ஒரு கதை எழுதினார். கணவன் கட்டாரில் இருக்க, மாமியார் வீட்டில் ஒடுங்கிக் கிடக்கும் ஒருத்தி. ஓரிடத்தில் அவள் கோபத்தில் ஒரு வார்த்தை சொல்கிறாள். அவ்வளவுதான். பாத்திரம் சொன்னதை எழுதியவர் சொன்னதாகக் கொண்டு, மார்க்கம் தெரியுமா, குடும்பம் எது, வாப்பா யார் என்று விசாரணை தொடங்கிற்று. மறுநாள் அந்த இலக்கம் குழுவிலிருந்து விலகியிருந்தது. முன்னைய கதைக்குப் பூங்கொத்து வைத்தவர்கள்தான் இந்தக் கதைக்குக் கல்லெறிந்தவர்கள். இதில் முரண்பாடு ஏதுமில்லை. இரண்டு தடவையும் அவர்கள் கதையை வாசிக்கவில்லை.

நான் இணையத்துக்கு எதிரானவன் அல்லன். நீலாவணன் வட்டத்தைப் பற்றி நாம் உருகிப் பேசும்போது அந்த வட்டத்தில் நமது பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்க வேண்டும். மஃரிபுக்குப் பிறகு ஒரு நூலக மண்டபத்தில் நடக்கும் கூட்டத்துக்குக் காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ எத்தனை பெண்கள் வந்திருக்க முடியும்? வந்தாலும் பின்வரிசையில் இருந்து எத்தனை பேர் வாய் திறந்திருப்பார்கள்? இன்று கைத்தொலைபேசி அந்தக் கதவைத் திறந்திருக்கிறது. டோஹாவிலும் றியாத்திலும் வேலை முடிந்து கட்டிலில் சாய்ந்தபடி வாசிக்கும் நமது பொடியன்களும் அதே கதவால்தான் வருகிறார்கள். ஆகவேதான் அந்தக் குழுவிலிருந்து ஓர் இலக்கம் விலகியதை நான் சிறிய விடயமாகக் கருதவில்லை. மண்டபத்தில் இடமில்லாதவருக்குக் கிடைத்த ஒரே இடம் அது.

ஒரு சமூகமாக எழுத்தைக் கட்டியெழுப்ப அச்சு இதழ்கள் செய்த முக்கிய வேலை தெரிவு. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்தவற்றுக்குப் பின், இவ்விரு சமூகங்களும் ஒருவர் எழுத்தை ஒருவர் வாசிப்பது அநேகமாக நின்றுபோயிற்று. அந்த இறுக்கத்தின் நடுவே 1996இல் எம். பௌசர் 'மூன்றாவது மனித'னைத் தொடங்கி இருசாராரையும் ஒரே அட்டைக்குள் கொண்டுவந்தார். சாய்ந்தமருது அனாரின் முதற் தொகுதியான 'ஓவியம் வரையாத தூரிகை' 2004இல் அந்த வெளியீடாகத்தான் வந்தது. ஓர் ஆசிரியர் இருந்தார். அவர் சிலவற்றை ஏற்றார், சிலவற்றைத் திருப்பினார். திருப்பப்பட்டவர்களுக்கு மனத்தாங்கல் இருந்திருக்கலாம். ஆனால் ஏற்கப்பட்டவை வாசிக்கப்பட்டன. இன்றைய குழுக்களில் எதுவும் திருப்பப்படுவதில்லை. போதாக்குறைக்கு, குழுக்கள் ஊர்வாரியாகவும் இனவாரியாகவும் தாமாகவே பிரிந்துவிடுகின்றன. ஓட்டமாவடிக் குழுவில் பக்கத்து ஊர்த் தமிழர் ஒருவர்கூட இருப்பதில்லை. அவர்களுடையதில் நம்மவர் இல்லை. உலகத்தையே இணைக்கும் கருவி வாழைச்சேனைப் பாலத்தைத் தாண்டவில்லை.

இன்னொரு தடையைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. எழுத்துரு. 1990களிலும் 2000களின் பெரும்பகுதியிலும் நமது இதழ்களும் தொகுதிகளும் பாமினியில்தான் கணினியேறின. பாமினி ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து ஏமாற்றிய எழுத்துரு. அது இல்லாத கணினியில் திறந்தால் ஒரு கவிதை வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகக் கிடக்கும். யூனிகோட் தமிழுக்கென்று தனி இடம் ஒதுக்கியது. இன்றைய பிள்ளைகள் அதில் பிறந்தவர்கள். அவர்கள் தேடுபொறியில் ஒரு பெயரை அடித்தால் நேற்றைய முகநூல் கவிதை வருகிறது, நமது போர்க்காலத் தலைமுறை வருவதில்லை. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் பழைய நூல்களையும் இதழ்களையும் மின்வருடி எவரும் இலவசமாக எடுக்கும்படி வைத்திருக்கிறது. பெரிய கைங்கரியம். ஆனால் அவற்றிற் பெரும்பாலானவை பக்கப் படங்கள். இருப்பது தெரிந்தவருக்குத்தான் அகப்படும். தெரியாத பிள்ளைக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். வீட்டு அலுமாரிகளில் இருந்தவற்றை 1990இன் இடப்பெயர்வும் 2004இன் சுனாமியும் கொண்டுபோன கரையில், அப்படிச் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே எஞ்சியிருக்கிறார்கள். அவர்களும் குழுக்களில் பூங்கொத்து வைத்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

நூல் வெளியீட்டு விழாக்களைப் பற்றி இங்கே நீட்டி எழுத விரும்பவில்லை. முதற்பிரதி, பொன்னாடை, நயவுரை என்ற அந்தச் சடங்கை வாசகர்கள் அறிவார்கள். நயவுரை என்ற சொல்லே நமது விமர்சனத்தைக் கெடுத்தது என்பது என் அபிப்பிராயம். வட்ஸ்அப்பில் நடப்பது அதே சடங்கின் செலவு குறைந்த வடிவம்.

சென்ற றமழானுக்குப் பிறகு குழுவில் ஒரு வேண்டுகோள் வைத்தேன். வெள்ளிக்கிழமை இரவுகளில் எவரும் புதிதாக எதையும் இட வேண்டாம், பழைய கதை ஒன்றை எல்லோரும் வாசித்துவிட்டுப் பேசுவோம் என்றேன். நமது ஊர்க்காரரிடமிருந்தே தொடங்கலாம் என்று எஸ்.எல்.எம். ஹனீபாவின் 1992 தொகுதியான 'மக்கத்துச் சால்வை'யைத் தெரிவுசெய்தேன். முதல் வாரம் இருவர் கைகூப்பினார்கள். ஒருவர் ஜும்ஆ முபாரக் அனுப்பினார். ஒருவர் தனது புதிய கவிதையை இட்டுவிட்டு, வேண்டுகோளைக் காணவில்லை என்று மன்னிப்புக் கேட்டார்.

இரண்டாவது வாரம் மூவர் வாசித்துவிட்டு வந்திருந்தார்கள். அதில் ஒருவர், மூத்தம்மாவை இருமுறை வாழவைத்த அந்தச் சகோதரி. கதையின் பேச்சுமொழியில் தனக்கு விளங்காத ஐந்து சொற்களை எழுதி அனுப்பியிருந்தார். அவற்றில் இரண்டு எனக்கும் விளங்கவில்லை. மூத்த வாசகர் ஒருவர் குரற்பதிவில் விளக்கினார், ஒன்றைத் தவறாக. அடுத்தவர் மறுத்தார். இரவு பதினொரு மணிவரை அந்த ஒரு சொல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.