நியூகோமின் 66 அளவீடுகளும் மணி வளைவும்

அமெரிக்க வானியலாளர் சைமன் நியூகோம் 1882இல் ஒளியின் வேகத்தை அளந்தார். வாஷிங்டன் நகருக்கு எதிரே பொடோமாக் ஆற்றின் மறுகரையில் உள்ள ஃபோர்ட் மயரிலிருந்து புறப்பட்ட ஒளி, நகரின் பக்கம் வாஷிங்டன் நினைவுத் தூணின் அடியில் வைத்த கண்ணாடியில் பட்டுத் திரும்பியது. போக வர ஏறத்தாழ 7.4 கிலோமீட்டர். பயண நேரம் 24,800 நானோ விநாடிக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால், 66 அளவீடுகளும் 28, 26, 33, 24 என்று சிறு எண்களாகச் சுருங்கும். பெரும்பாலானவை 16க்கும் 40க்கும் இடையில் விழுகின்றன. இரண்டு மட்டும் தனியே நிற்கின்றன: −2, −44. இயல்நிலைப் பரவலை, அதாவது மணி வளைவை, மீப்பெரு சாத்தியக்கூறு முறையில் பொருத்துவது எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று எடைபோட இதைவிடப் பொருத்தமான தரவு கிடைப்பது அரிது.

முறை எளிது. மணி வளைவுக்கு இரண்டே அளபுருக்கள்: மையம், அகலம். அவற்றுக்கு எந்த மதிப்புகளைக் கொடுத்தால், கையில் உள்ள 66 எண்களும் சேர்ந்து வருவதற்கான சாத்தியம் உச்சத்தைத் தொடும்? மடக்கை எடுத்ததும் பெருக்கல் கூட்டலாகிறது. வளைவின் அடுக்கில் விலக்கத்தின் வர்க்கம் இருப்பதால், வர்க்கங்களின் கூட்டுத்தொகையைக் குறைப்பதே வேலையாகிறது. விடை பள்ளிப் பாடத்தில் உள்ளதுதான்: மையம் சராசரி, அகலம் திட்ட விலக்கம். நியூகோமின் தரவுக்கு 26.2, 10.7.

இந்த முறைக்கு ஆதரவான வாதங்கள் வலுவானவை. கணக்கிடுபவரின் விருப்பு வெறுப்புக்கு இதில் இடமில்லை. ஒரே தரவுக்கு எல்லாருக்கும் ஒரே விடை. தரவு உண்மையிலேயே இயல்நிலைப் பரவலிலிருந்து வந்திருந்தால், பிறழ்ச்சியற்ற வேறெந்த மதிப்பீடும் சராசரியைவிடத் துல்லியமாக இருக்க முடியாது. 1945இல் கல்கத்தாவில் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் நிறுவிய கீழ்வரம்பு இதற்குச் சான்று. இம்முறை திட்ட விலக்கத்தைச் சற்றுக் குறைத்துச் சொல்கிறது, அளவீடுகளின் எண்ணிக்கையான nக்குப் பதில் n−1ஆல் வகுக்க வேண்டும் என்ற பழைய குறையை நான் பெரிதுபடுத்த மாட்டேன். 66 அளவீடுகளில் அது 10.66க்கும் 10.75க்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனால் அதே குறை பெரிதாக வளரும் இடமும் உண்டு. ஆயிரம் பொருள்களைத் தலா இரண்டு முறை அளந்து, ஒவ்வொன்றுக்கும் தனி மையம் வைத்தால், இந்த முறை பரவற்படியின் (திட்ட விலக்கத்தின் வர்க்கத்தின்) உண்மை மதிப்பில் பாதியைத்தான் எட்டும். பொருள்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் திருந்தாது. புள்ளியியலாளர்கள் நேமனும் ஸ்காட்டும் 1948இல் காட்டியது இது.

இனி பொருத்திய வளைவைத் தரவோடு ஒப்பிடுவோம். சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்ட விலக்கத் தொலைவுக்குள், அதாவது 15.6க்கும் 36.9க்கும் இடையில், மணி வளைவின்படி ஏறத்தாழ 45 அளவீடுகள் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 61 இருக்கின்றன. இதைப் பொருத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒதுங்கி நிற்கும் இரண்டையும் நீக்கினால் சராசரி 27.75, திட்ட விலக்கம் 5.04. மையம் ஒன்றரை அளவே நகர்ந்திருக்கிறது. அகலமோ பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. 66இல் இரண்டே இரண்டு எண்கள் செய்த வேலை இது.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. 10.7 என்ற அகலத்தை வைத்து −2ஐச் சோதித்தால், அது மையத்திலிருந்து 2.6 திட்ட விலக்கத் தொலைவில்தான் நிற்கிறது. 66 எண்களில் அப்படி ஒன்று வருவது வியப்பில்லை, சோதனையில் தேறிவிடும். இரண்டையும் நீக்கிப் பெற்ற அகலத்தால் அளந்தால் அதே எண் 5.9 திட்ட விலக்கத் தொலைவில் நிற்கும். −44 வளைவை அகட்டி வைத்து, −2ஐத் தன் நிழலில் ஒளித்துவிட்டது. பொருத்தத்தைக் கெடுத்த எண்களைக் கண்டுபிடிக்க அதே பொருத்தத்தையே நாடுவது, களவு கொடுத்தவன் திருடனிடமே துப்புக் கேட்பதற்குச் சமம்.

குறை எங்கே? வளைவு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விளங்கும். 1809இல் கணிதவியலாளர் காஸ் சராசரியே மிகச் சாத்தியமான மதிப்பு என்று முதலில் எடுத்துக்கொண்டார்; அதற்கு எந்தப் பிழைவிதி வேண்டும் என்று தேடி மணி வளைவை அடைந்தார். அந்த வளைவை வைத்துச் சாத்தியக்கூற்றை உச்சப்படுத்திச் சராசரியைப் பெறும்போது, நாம் போட்டதையே திரும்ப எடுக்கிறோம். அதைச் சராசரிக்கான தனிச் சான்றாகக் கொள்ள முடியாது.

வானியலாளர் எடிங்டன் 1914இல், அகலத்தை அளக்க வர்க்க விலக்கத்தைவிடக் குறி நீக்கிய விலக்கங்களின் சராசரியே நடைமுறையில் மேல் என்று எழுதினார். 1920இல் புள்ளியியலாளர் ஃபிஷர் அதை மறுத்தார்: இயல்நிலைப் பரவலில் எடிங்டன் வழியில் போனால் அதே துல்லியத்துக்கு 14 சதவீதம் கூடுதல் அளவீடுகள் தேவை. கணக்குச் சரியானது, வழக்கு முடிந்ததாகவே தோன்றியது. ஆனால் 1960இல் புள்ளியியலாளர் டூக்கி வேறொரு கேள்வி கேட்டார்: அளவீடுகளில் மிகச் சில மட்டும் மூன்று மடங்கு அகலமான வளைவிலிருந்து வந்தால் என்னாகும்? ஆயிரத்தில் இரண்டு கலந்தாலே ஃபிஷரின் சாதகம் மறைந்துவிடுகிறது. ஆயிரத்தில் இரண்டு! அவ்வளவு தூய்மையான தரவு எந்த ஆய்வகத்தில் கிடைக்கிறது? நியூகோமே 1886இல், பல அகலங்கள் கொண்ட இயல்நிலை வளைவுகளின் கலவையாகப் பிழைகளைக் கருத வேண்டும் என்று கட்டுரை எழுதினார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

சராசரியை ஆதரிக்கும் எதிர்த்தரப்புக்கும் ஒரு நல்ல சாட்சி உண்டு. புள்ளியியலாளர் ஸ்டீஃபன் ஸ்டிக்லர் 1977இல் நியூகோமுடையது உள்ளிட்ட பழைய அறிவியல் தரவுகளில் பல மதிப்பீட்டு முறைகளை ஓடவிட்டார். சராசரி பின்தங்கிவிடவில்லை, இரு முனைகளையும் சிறிது கத்தரித்த சராசரி கொஞ்சம் மேலாக நின்றது, அவ்வளவுதான். இன்று ஏற்கப்பட்ட ஒளிவேகத்தின்படி சரியான விடை 33. இடைநிலை அளவு தருவது 27. எல்லா மதிப்பீடுகளும் ஒரே பக்கம் தவறுகின்றன, ஏனென்றால் சோதனை அமைப்பிலேயே ஒரு சாய்வு இருந்தது. அதை எந்த வளைவும் சரிசெய்யாது. எனவே மையத்துக்காக மட்டும் இம்முறையைக் கைவிட வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அகலத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. 66 எண்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, கால்மானங்களுக்கு (வரிசைப்படுத்திய தரவை நான்காகப் பிரிக்கும் எண்களில் முதலாவதற்கும் மூன்றாவதற்கும்) இடையிலான தூரம் 7ஐ, மணி வளைவுக்குரிய காரணியான 1.349ஆல் வகுத்தால் 5.2 கிடைக்கிறது; எதையும் நீக்காமலே 5.04க்கு அருகில் வந்துவிடுகிறோம். மீப்பெரு சாத்தியக்கூறு என்ற கொள்கையின் மேல் பழி போடவும் தேவையில்லை. கனத்த வால்கள் கொண்ட ஸ்டூடண்ட்டின் டி-பரவலை அதே முறையில் பொருத்தலாம். −44 அங்கே தன் இடத்தில் அடங்கும், மற்றவற்றின் அகலத்தைக் கெடுக்காது. குற்றம் மணி வளைவைக் கேள்வியின்றி ஏற்றதில்தான்.

நியூகோமின் தரவுக்கு என் தீர்ப்பு: 26.2ஐ ஏற்கலாம், 10.7ஐயும், அதிலிருந்து பெறும் எந்த வால்பகுதி நிகழ்தகவையும் ஏற்க முடியாது. வேறு தரவில் இம்முறையைக் கையாளுபவர், திட்ட விலக்கத்தை எழுதும் முன் கால்மான அகலத்தையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் இயல்நிலைப் பரவலை விட்டுவிடட்டும்.