ஊன்றிய கால்

சொன்னதையே சொல்லிக்கொண்டு அசையாமல் இருப்பவரை 'ஒற்றைக் காலில் நிற்கிறார்' என்கிறோம். உண்மையில் ஒற்றைக் காலில் நிற்க முயல்பவருக்குப் பிடிவாதம் உதவாது. விறைத்துக்கொண்டு நிற்பவர்தான் முதலில் சாய்வார்.

மணமேல்குடிக் கடலோரச் சேற்றில் நிற்கும் கொக்குக்கு இந்தக் கவலை இல்லை. வேதாரண்யம் பக்கத்துக் கோடியக்கரைக்கு வலசை வரும் பூநாரைக்கும் இல்லை. 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் யங்-ஹுய் சாங், லீனா டிங் இருவரும் ஓர் அதிசயத்தைக் கண்டார்கள். உயிரற்ற பூநாரையின் உடல்கூட ஒற்றைக் காலில் நின்றது; இரண்டு காலில் நிற்கவில்லை. மூட்டுகளின் அமைப்பும் உடலின் எடையும் சேர்ந்தே அதை நிறுத்திவிடுகின்றன, தசைக்குப் பெரிய வேலையில்லை.

மனிதருக்கு அந்த வசதி இல்லாததால்தான் ஒற்றைக் காலில் நிற்பது கலையாகிறது.

ஜிம்னாஸ்டிக்ஸில் இந்த நிலைக்கு 'ஸ்கேல்' என்று பெயர். கோடு போடும் ஸ்கேல் அல்ல, தராசு. ஜெர்மானியர் 'நிற்கும் தராசு' என்றே அழைக்கிறார்கள். ஒரு காலில் நின்று மறுகாலைப் பின்னால் உயர்த்த, மார்பு முன்னால் தாழ்கிறது. ஒரு தட்டு ஏறினால் மறுதட்டு இறங்குகிறது. உடலின் எடை மையம் ஊன்றிய பாதத்துக்கு நேர்மேலே இருக்கும்வரைதான் ஆட்டம் நீடிக்கும்.

கற்பவர் முதலில் தரையில் போட்ட கோட்டில் பழகுகிறார், பிறகு தாழ்வான கட்டையில், கடைசியில்தான் பேலன்ஸ் பீமில். அதன் நீளம் 5 மீட்டர், உயரம் 125 செ.மீ., அகலம் வெறும் 10 செ.மீ. குதிகால், பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி ஆகிய மூன்று புள்ளிகளிலும் எடை பரவ வேண்டும். பார்வை கட்டையின் நுனியில் ஊன்ற வேண்டும். கண்ணை மூடிப் பார்த்தால் போதும், சமநிலையில் பாதி வேலையைக் கண் செய்துகொண்டிருந்தது புரிந்துவிடும். நடுவர்கள் தள்ளாட்டத்துக்கு ஏற்ப 0.1, 0.3, 0.5 எனக் குறைப்பார்கள். விழுந்தால் முழுதாக 1 புள்ளி போகும்.

கூட்டம் கைதட்டுவது உயர்ந்த காலுக்கு. தேர்ந்த ரசிகர் பார்ப்பது கணுக்காலை. சிலைபோல் நிற்பதாகத் தோன்றும் அந்த உடலில் அது மட்டும் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு மயிரிழை, வெளியே ஒரு மயிரிழை. நல்ல ஆட்டக்காரரிடம் அந்தத் திருத்தம் முழங்காலுக்கு மேல் ஏறாது. புதியவரிடம் அது இடுப்புக்கு ஏறி, தோளுக்கு ஏறி, கடைசியில் இரு கைகளும் காற்றைத் துழாவும்.

குலச்சிறை நாயனார் பிறந்த மணமேல்குடிக்கு இந்த ரசனை புதிதல்ல. அருகிலுள்ள ஆவுடையார்கோயிலில் ஊர்த்துவ தாண்டவர் காலை விண்ணுக்கு வீசி நிற்கிறார். சிதம்பரம் கோபுரங்களில் 108 கரணங்களும் கல்லில் இருக்கின்றன. அவற்றில் லலாட திலகம், பாதத்தை நெற்றிவரை தூக்கும் கரணம். தஞ்சைப் பெரிய கோயிலில் 81 மட்டும் செதுக்கப்பட்டு, மிச்சத்துக்கான கற்கள் வெறுமையாகவே காத்திருக்கின்றன. பக்தர் உருகுவது தூக்கிய திருவடிக்கு. சைவ சித்தாந்தமோ ஊன்றிய திருவடிக்கும் மறைத்தல் என்று ஒரு தொழிலைத் தந்திருக்கிறது. நடராசரின் ஊன்றிய கால் முட்டி மடங்கி முயலகன் மேல் அழுந்தும். பீமில் நிற்கும் பெண்ணுக்கு அந்தச் சலுகை கிடையாது. முட்டி மடங்கினால் அதற்கும் புள்ளி போகும்.

பீமே பார்த்திராத சிறுமிகளும் தராசு நிலையை அறிவார்கள். பாண்டி ஆடும்போது கட்டத்துக்குள் ஒற்றைக் காலில் நின்று, குனிந்து, சில்லை எடுக்க வேண்டும். கை மண்ணை நெருங்க நெருங்க, மறுகால் யாரும் சொல்லாமலே பின்னால் உயர்கிறது. சுற்றி நிற்கும் தோழிகளின் கண் சில்லில் இல்லை. கோட்டை மிதித்துவிட்டாளா என்று, புழுதி படிந்த அந்த ஒரு பாதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.