வில் கொடுத்தவரே தந்தை

கணவன், மனைவி, இருவருக்கும் தெரிந்த இன்னொரு துணை. மூவரும் மனமொத்து அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரே வீட்டில் வாழ்வதாக வைத்துக்கொள்வோம். "ஃபேமிலியா, பேச்சிலரா?" என்று ஹவுஸ் ஓனர் கேட்டதுமே மூன்றாமவர் கணவரின் தம்பியாகிவிடுவார். குழந்தை பிறக்கும்வரை அந்தப் பொய் ஓடும். பிறகு அதைத் தினமும் காப்பாற்றும் வேலை தாயின் தலையில் விழுகிறது.

பலதுணைக் குடும்பம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. நீலகிரித் தோடர்களிடம் சகோதரர்கள் சேர்ந்து ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் இருந்தது. டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸ் 1906-ல் வெளியிட்ட 'தி தோடாஸ்' நூலில் அதை விரிவாக எழுதியிருக்கிறார். கருவுற்ற ஏழாம் மாதத்தையொட்டி, மரத்தில் மாடம் குடைந்து விளக்கேற்றுவார்கள். சகோதரர்களில் ஒருவர், பெரும்பாலும் மூத்தவர், குச்சியால் செய்த வில்லையும் புல்லால் ஆன அம்பையும் அவளிடம் கொடுப்பார். உறவினர் முன்னிலையில் கொடுத்த அவரே தந்தை. வேறொருவர் வில் கொடுக்கும்வரை அடுத்து வரும் பிள்ளைகளுக்கும் அவரே. யாருடைய பிள்ளை என்று தாயைக் குடையும் பேச்சுக்கே அங்கு இடமிருக்கவில்லை. அதே ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்தும் நம் ஊர்களில், அந்த மூவர் வீட்டுத் தாய்க்கு இந்த நிம்மதி கிடைக்காது.

ஆனாலும் அந்த ஏற்பாட்டை என்னால் கொண்டாட முடியவில்லை. பெண்ணுக்குச் சிறு வயதிலேயே மணம் பேசி முடித்துவிடுவார்கள். மூத்தவனை மணந்தால் தம்பிகளும் கணவர்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. பெண் சிசுக்களைக் கொன்றதால் பெண்கள் குறைந்துபோனதும் அந்த வழக்கத்தோடு பிணைந்திருந்தது.

இன்றைய சட்டம் பாதிவழி வந்திருக்கிறது. ஜோசப் ஷைன் வழக்கில் 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவை நீக்கியபின் திருமணத்துக்கு வெளியிலான உறவு குற்றமில்லை. கணவனோ மனைவியோ உயிரோடிருக்க மறுமணம் செய்தால் மட்டும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆவது பிரிவில் 7 ஆண்டுவரை சிறை. மணவாழ்வில் பிறந்த குழந்தைக்குக் கணவனே தந்தை என்பது சாட்சியச் சட்டத்தின் அனுமானம். குழந்தைக்கு அது பாதுகாப்பு. ஆனால் கூடவே வளர்த்த மூன்றாமவருக்கு, உறவு முறிந்தால், பிள்ளையைப் பார்க்கும் உரிமைகூட உறுதியில்லை.

இப்படி மூவராக வாழ்வதில் நன்மை இருக்கிறது, மறுக்கமாட்டேன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒருவருக்கு நைட் ஷிஃப்ட், இன்னொருவருக்குக் காலை ஷிஃப்ட் என்றால், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை மடியில் போட்டுக்கொள்ள மூன்றாவது ஆள் இருப்பது பெரிய விஷயம். கூட்டுக்குடும்பம் கரைந்துவிட்ட இந்தப் புறநகரில் அந்த உதவியை எந்தத் தாயும் சும்மா ஒதுக்கமாட்டாள்.

என் கவலை அந்தத் தாயின் சம்மதத்தைப் பற்றியது. கல்யாணத்துக்கு முன், சொந்தச் சம்பளம் இருந்தபோது சொன்ன "சரி"யும், கைக்குழந்தையோடு வேலையை விட்டபின் சொல்லும் "சரி"யும் ஒன்றல்ல. சாதாரணக் குடும்பச் சண்டையென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடலாம். இவள் அங்கே போய் என்ன காரணம் சொல்வாள்? வாடகை ஒப்பந்தத்திலும் அவள் பெயர் இல்லை.