மீளும் பல்லவி: மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் கீர்த்தனைகளில் முறையீடும் விசுவாசமும்

முன்னுரை

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கக் கிறித்தவர். தேவமாதா அந்தாதி, பெரியநாயகி அம்மாள் பதிகம், சத்திய வேதக் கீர்த்தனை ஆகியவற்றைத் தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாறு தயக்கமின்றித் தனதாகக் கொள்கிறது. 1878இல் வெளிவந்த 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' நூலை அணுகும்போது மட்டும் அதற்குத் தயக்கம் ஏற்படுகிறது. கிறித்துவின் பெயரை முன்னிறுத்தாது, எச்சமயத்தாரும் பாடத்தக்க பொதுச்சொற்களால் இறைவனை விளித்தமையால் அந்நூல் 'சமய நல்லிணக்கம்' என்னும் தலைப்பின்கீழ் ஒதுக்கப்பட்டுவிட்டது. நூற்பெயரிலுள்ள 'சமரசம்' என்ற சொல்லே ஆய்வாளரின் கவனம் முழுவதையும் பற்றிக்கொண்டது எனலாம். அக்கீர்த்தனைகளுள் ஒலிக்கும் துயரக்குரல் போதிய அளவு கேட்கப்படவில்லை. உதவி இன்னும் வந்து சேராத நிலையில் விசுவாசம் என்ன பேசும் என்னும் வினாவை முன்வைத்து அந்நூலை வாசிக்க இக்கட்டுரை முயல்கிறது.

முறையீடு என்னும் மரபு

காவிரிப் படுகையின் சமய வாழ்வில், துன்பத்திலிருந்து மீண்டவர் நன்றி செலுத்துவதற்கான வடிவங்கள் பல உள்ளன. வலங்கைமான் மாரியம்மன் கோயிலில் நோயினின்று பிழைத்தோர் பங்குனியில் பாடையில் படுத்துச் சுமக்கப்படுகின்றனர். வேளாங்கண்ணியில் மீட்சி பெற்றோர் காணிக்கை செலுத்துகின்றனர். சமயம் வேறாயினும் இரண்டிற்கும் பொதுவானது ஒன்றுண்டு: துன்பம் முடிந்த பின்னரே அது ஊரறியச் சொல்லப்படுகிறது. முடியாத துன்பத்தைச் சொல்வதற்கு வேறொரு மொழி தேவை. கண்ணிழந்த சுந்தரர் தலந்தோறும் இறைவனை இடித்துரைத்துத் திருவாரூரில் வலக்கண் பெற்றதாகக் கூறும் பெரியபுராண மரபில் அம்மொழி உண்டு. விவிலியத்தின் யோபு நூலிலும் புலம்பற் சங்கீதங்களிலும் அது உண்டு. 88ஆம் சங்கீதம் (பழைய கத்தோலிக்க எண்முறையில் 87) ஆறுதல் எதுவும் பெறாமல் இருளிலேயே முடிவது இங்கு நினைக்கத்தக்கது.

இவ்விரு மரபுகளும் கூடுமிடத்தில் வேதநாயகம் பிள்ளை நிற்கிறார். மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். அது நீதிமன்ற மொழி. 1857இல் தரங்கம்பாடியில் முன்சீபாகப் பொறுப்பேற்ற அவர், பின்னர் சீர்காழியிலும் மாயூரத்திலும் பணியாற்றி 1872இல் பதவியினின்று விலகினார். 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டவரும் அவரே. பிறர் முறையீடுகளை ஆண்டுக்கணக்கில் கேட்டுத் தீர்ப்புரைத்தவர் கீர்த்தனையில் தாமே முறையீட்டாளராகிறார். அந்நூலில் துதிப்பாடல்களோடு குடும்பக் கீர்த்தனைகளும் உத்தியோகக் கீர்த்தனைகளும் இடம்பெறுவது தற்செயலன்று. வீட்டுக்கவலையும் அலுவற்கவலையும் இறைவன் முன் வைக்கத்தக்க வழக்குகளே என்னும் துணிவு அதில் உள்ளது. பக்திப் பாடலுக்குரிய பொருள்தானா இவை என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியே நம் பக்தி இலக்கண நூற்பாக்களின் குறுகலைக் காட்டுகிறது.

பல்லவியின் மீள்வு

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் 'பெத்லகேம் குறவஞ்சி' (1800) குறவஞ்சி யாப்பைக் கைக்கொண்டது. தலைவியின் வேட்கை எத்துணை வாட்டினும் குறத்தி நற்குறி சொல்லியே தீர்வாள் என்பதைக் கேட்போர் முன்னரே அறிவர். எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) பனியனின் பயணக்கதையைத் தழுவியது. வழியில் அவநம்பிக்கை வந்து மறித்தாலும் பயணம் முத்திநகரில் முடியும் என்பது உறுதி. இரண்டிலும் அகப்போராட்டம் உண்டு; அதன் முடிவை இலக்கிய வடிவமே உறுதிசெய்துவிடுகிறது.

கீர்த்தனையின் அமைப்பு வேறானது. பல்லவி, அனுபல்லவி, சரணம் எனச் செல்லும் பாட்டு ஒவ்வொரு சரணத்தின் இறுதியிலும் பல்லவிக்கே திரும்புகிறது. பல்லவி துதியாக இருப்பின் இம்மீள்வு மகிழ்வைப் பெருக்கும். பல்லவியே வேண்டுதலாக இருப்பின் என்ன நிகழும்? சரணம் எத்தனை காரணங்களை அடுக்கினாலும் பாட்டு தொடங்கிய இடத்திலேயே வந்து நிற்கும். 1876–78ஆம் ஆண்டுகளின் தாதுவருடப் பஞ்சத்தை ஒட்டி அவர் பாடிய கீர்த்தனையில் பஞ்சத்தைத் தீர்க்கும்படி இரப்பதும், வேறு தஞ்சமின்மையைக் கூறுவதும் பல்லவியிலேயே அமைந்துவிடுகின்றன. ஆகவே பஞ்சம் தீர்ந்ததாக அப்பாட்டு ஒருபோதும் முடிய இயலாது. கேட்பதை நிறுத்தவும் இயலாது. விசுவாசத்தின் வலிமையை இங்கு விடையின் வருகையில் தேடுவதைவிட, விளி அறுபடாமையில் தேடுவதே பொருந்தும்.

இரு நூல்கள், ஓராண்டு இடைவெளி

பஞ்சம் பொதுத்துயர், அதனை அகப்போராட்டம் எனல் தகுமா என்று ஐயுறலாம். பஞ்சகாலத்தில் தம் பொருளைச் செலவிட்டு மாயூரத்தில் கஞ்சி வார்த்தவர் அவர்; கோபாலகிருஷ்ண பாரதியார் அவ்வறத்தைப் பாடிப் போற்றினார். ஊர் கண்டது அந்தக் கொடையாளரை. கொடை போதாமையை உணர்ந்த மனிதரைக் கீர்த்தனையில்தான் காண்கிறோம். அடுத்த ஆண்டே, 1879இல், 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவருகிறது. அதில் பிரிந்தோர் கூடுகின்றனர். ஆண்வேடத்தில் அரசாண்ட ஞானாம்பாள் மீள்கிறாள். நகைச்சுவை பக்கந்தோறும் ததும்புகிறது. தெய்வச்செயலில் குறையே காணாத உலகம் அது. உரைநடையில் அத்துணை உறுதியாகப் பேசியவர் இசைப்பாட்டில் இறைவனிடம் ஏன் இவ்வாறு மன்றாடினார்? நாவலின் மலர்ச்சியைப் போலி எனத் தள்ளுவது எளிது. அது தவறான வாசிப்பாகும். வாசகர்க்குக் கூறும் பொழுது அவர் நீதி போதிப்பவர். இறைவனிடம் கூறும் பொழுது வழக்காளி. இரண்டு குரல்களும் ஒருவருடையனவே. நாவலை மட்டும் கற்பிக்கும் நம் பாடத்திட்டங்கள் அவருடைய பாதிக்குரலையே மாணவர்க்குத் தருகின்றன.

இந்நோக்கில் இயேசுவின் பெயர் ஒலிக்காமை குறித்தும் மறுசிந்தனை வேண்டும். பெயரை வெளிப்பட உரைக்கத் தயங்கியவர் அல்லர் அவர். பிற நூல்களே அதற்குச் சான்று. பஞ்சக் கஞ்சிக்கு வந்து நின்றோரின் சமயம் பல. அவர்களுக்காக எழுந்த முறையீட்டை ஒரு திருச்சபையார் மட்டுமே பாடக்கூடிய சொற்களில் அமைத்திருந்தால், வரிசையில் நின்றோருள் பெரும்பாலோர் அதில் தம் குரலைச் சேர்த்திருக்க இயலாது. படுகையின் இசைவாணர் அக்கீர்த்தனைகளைத் தயக்கமின்றி ஏற்றுப் பாடியதற்கும் இப்பொதுவிளியே வழிவகுத்தது.